சின்னக் கொல்லைக்குச் சின்னப் பரங்கி



வீட்டுத் தோட்டம் போடும் நம்ம உறுப்பினர்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க வீட்டுப் பின்னால பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இடம். அதுல பரங்கி போடலாமா? கொடி ஓடி எல்லா இடத்தையும் அடைச்சிடாதா?" என்பதுதான் அது. போடலாம். ஆனால் எந்த விதை என்று பார்த்துப் போட வேண்டும். அதுதான் இந்த மாதப் பாடம்.

பரங்கிக்காய் என்று சில ஊரில் சொல்வோம். மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் சொல்வார்கள். கொங்குப் பக்கம் அரசாணிக்காய். எல்லாம் ஒன்றுதான். வெள்ளைப் பூசணி வேறு பயிர்.

ஒரு காய் எத்தனை நாள் சாப்பாடு?

விதை வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "காய் பெருசா வருமா?" என்றுதான். சந்தைக்குப் போடுகிறவர்களுக்கு அது சரியான கேள்வி. வீட்டுக்குப் போடுகிற நமக்கு அது சரியா என்று யோசிப்போம்.

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கோ கூட்டுக்கோ அரைக் கிலோ பரங்கி போதும். 8 கிலோ காயை அறுத்தால் அரைக் கிலோ அடுப்புக்குப் போகும். மீதி? பக்கத்து வீடு, எதிர் வீடு, நாத்தனார் வீடு என்று கொடுப்போம். கொடுப்பது நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறுத்த காய் நாலு நாள் தாங்காது. நாலைந்து மாதம் தண்ணீர் ஊற்றிய கொடியில் நம்ம பிள்ளைகள் தட்டுக்கு வந்தது ஒரு நாள் குழம்பு மட்டும் என்றால், அந்தத் தோட்டம் நம்ம வீட்டுக்காகப் போட்ட தோட்டமா?

ஒன்றரைக் கிலோ காய் என்றால் இரண்டு மூன்று சமையலில் முடிந்துவிடும். முற்றிய காயைக் காம்போடு பறித்து, அடிபடாமல், நிழலில் காற்றோட்டமாக வைத்தால் அறுக்காத வரை பல வாரம் கெடாது. வாரம் ஒரு காய் அறுக்கலாம். வேலை இல்லாத வாரத்திலும், காய்கறி விலை ஏறும்போதும் வீட்டில் ஒரு காய் இருக்கும்.

பரங்கியின் மஞ்சள் சதையில் உள்ள கரோட்டின் நம்ம உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கண்ணுக்கு அது மிகவும் தேவை. ஒரே நாளில் நிறையச் சாப்பிடுவதைவிட வாராவாரம் கொஞ்சம் சாப்பிடுவதே நல்லது. சமைக்கும்போது கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

விதைப் பையில் என்ன எழுதியிருக்கிறது?

கோ 1, கோ 2 என்று பையில் பார்த்திருப்போம். 'கோ' என்றால் கோயம்புத்தூர், அதாவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். 'அர்க்கா' என்று தொடங்கினால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகம். பரங்கியில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. கோ 1: காய் 7 முதல் 8 கிலோ. வயது 175 நாள். பெரிய இடத்துக்கும் விற்பனைக்கும் ஏற்றது.
2. கோ 2: காய் ஒன்றரை முதல் 2 கிலோ. வயது 135 நாள். கோ 1-ஐ விட 40 நாள் முன்னதாக இடம் காலியாகும். அந்த இடத்தில் இரண்டு தடவை கீரை போட்டு எடுக்கலாம்.
3. அர்க்கா சூரியமுகி: காய் சுமார் 1 கிலோ. உருண்டையாக, மேலும் கீழும் தட்டையாக இருக்கும். பழ ஈயைத் தாங்கும்.
4. அர்க்கா சந்தன்: காய் 2 முதல் 3 கிலோ. கரோட்டின் சத்து அதிகம்.

சின்ன இடத்துக்குக் கோ 2, சூரியமுகி இரண்டும் பொருத்தம். புடலையிலும் இப்படித்தான். கோ 1 ஐந்தடிக்கு மேல் நீளும். கோ 2 ஓரடிதான். தாழ்வான பந்தலுக்குக் குட்டைப் புடலையே வசதி.

காய் சிறுசு என்றால் கொடியும் சிறுசா?

இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்துபோகிறோம். காய் சின்னது என்பதால் கொடி ஓடாது என்று நினைக்கக் கூடாது. கோ 2 பரங்கியும் கொடிதான், ஓடத்தான் செய்யும். ஆனால் காய் கனம் குறைவு என்பதால் அதை மேலே ஏற்றலாம். 8 கிலோ காயை வேலியில் தொங்கவிட்டால் வேலியே சாய்ந்துவிடும். ஒன்றரைக் கிலோ காயை உறுதியான பந்தல் தாங்கும். காய் பெருக்கும்போது பழைய சேலைக் கிழிசலில் ஊஞ்சல் மாதிரி கட்டிவிட்டால் காம்பு முறியாது. கொடி மேலே போய்விட்டால் கீழே நடக்க வழி கிடைக்கும்.

கொடி ஓடாமல் செடியாகவே நிற்கும் வகையும் உண்டு. நகரத்துக் கடைகளில் சுக்கினி என்று விற்கும் காய் அப்படிப்பட்டது. அது குளிர்ச்சியை விரும்பும் பயிர், மலைப் பகுதிக்கு நல்லது. சமவெளியில் கோடை வெயிலில் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

குழியும் பட்டமும்

ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டும் ஏற்றவை. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுஉரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். குழிக்குக் குழி இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி இடைவெளி. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் இரண்டு குழி போதும். ஒன்றில் பரங்கி, மற்றதில் புடலை வைக்கலாம். குழிக்கு ஐந்து விதை போட்டு, 15 நாள் கழித்து நல்ல செடி இரண்டை விட்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும். "முளைச்சதைப் பிடுங்கவா?" என்று மனசு வராது. ஆனால் ஐந்தையும் விட்டால் எதுவும் உருப்படியாகக் காய்க்காது.

முதலில் வருவது ஆண் பூ. அது உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். பிஞ்சு வெம்பி விழுந்துகொண்டே இருந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பழ ஈ குத்தி அழுகிய பிஞ்சுகளை அங்கேயே போடாமல் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

அடுத்த பட்டத்துக்கு விதை

மேலே சொன்ன ரகங்கள் வீரிய ஒட்டு ரகம் அல்ல. அதனால் நாமே விதை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: பக்கத்துக் கொல்லையில் பெரிய பரங்கி இருந்தால் தேனீ வழியாக மகரந்தம் கலந்துவிடும். இந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது. அடுத்த பட்டத்தில்தான் தெரியும். ஆகவே மறுநாள் விரியப் போகும் ஒரு பெண் பூவையும் ஒரு ஆண் பூவையும் முந்தின நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் பிரித்து, கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். காம்பில் ஒரு கலர் துணி அடையாளம். அந்தக் காய் நன்றாக முற்றட்டும், விதைக்கு அதுதான். பையில் எஃப் 1 என்று எழுதியிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. அதிலிருந்து எடுத்த விதை தாய்ச் செடி போல வராது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை அடி இடம்? தண்ணீர் எங்கிருந்து வரும்?
- காய் வீட்டுச் சமையலுக்கா, சந்தைக்கா? அதற்கு ஏற்ற ரகம் எது?
- நம்மில் யார் விதைக் காய் விடுவது?

ஒரு வீட்டுக்கு ஐந்தாறு விதை போதும். ஆளுக்கொரு பை வாங்க வேண்டாம். குழுவாகச் சேர்ந்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ ரகத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். "பரங்கி விதை குடுங்க" என்று மட்டும் கேட்டால் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். "கோ 2 இருக்கா?" என்று கேளுங்கள். வாங்கியதையும் பங்கிட்டதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பட்டத்தில் யாருக்கு எப்படிக் காய்த்தது என்று அதை வைத்தே பேசலாம்.