பதினாறும் பதினைந்தும்

என் இளைய மகள் மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு மேடையில் தாளம் வாசிப்பவள். சென்ற மாதம் இங்கே மும்பையில் ஒரு சிறு அரங்கில் அவள் நிகழ்ச்சி. கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில், "பட்டனைத் தட்டிவிட்டால் பெட்டியே வாசிக்கிறது. நீ அங்கே நின்று என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்து, "நீங்களே உக்காந்து பாருங்கப்பா" என்றாள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் விஷயம் கணக்கு என்று தெரிந்ததும் உற்சாகம் வந்துவிட்டது. வாசக அன்பர்களுக்கும், குறிப்பாக நம் பிள்ளைகளுக்கும், அதைச் சொல்கிறேன்.

பெட்டியின் கீழ்ப்புறம் வரிசையாக 16 பொத்தான்கள். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டி.ஆர். 808 பெட்டியிலும் இதே 16தான். (அந்த 808ஐ வைத்து 1982லேயே நம் மும்பைச் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார்.) ஒரு விளக்கு இடமிருந்து வலமாக ஓடும். எந்தப் பொத்தானை அழுத்தி வைத்திருக்கிறோமோ, அங்கே வரும்போது ஒலி எழும். 1, 5, 9, 13ஐ அழுத்தினால் பெரிய டிரம் 'தம், தம், தம், தம்'. பிறகு மறுபடி 1. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்றுக்கு 2 விநாடி. இப்படியே ஓடினால் என் கேள்வி நியாயமானதுதான்.

சூட்சுமம் இனிமேல்தான். இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஒவ்வொரு ஒலிக்கும் சுற்றின் நீளத்தைத் தனித்தனியே வைக்கலாம். டிரம்முக்கு 16 கட்டம், ஜால்ரா போன்ற ஹைஹாட்டுக்கு 15 என்று வைத்தாள். முதல் சுற்றில் சேர்ந்து கிளம்பியவை அடுத்த சுற்றில் ஒரு கட்டம் விலகின, அதற்கடுத்து இரண்டு. ஒரே நிலையத்திலிருந்து கிளம்பி 16 நிமிடத்தில் ஒன்று, 15 நிமிடத்தில் ஒன்று என்று சுற்றி வரும் இரண்டு வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இரண்டும் ஒன்றாகப் புறப்பட 240 நிமிடம் ஆகும். இங்கே 240 கட்டம், அதாவது 30 விநாடி. மூன்றாவதாக ஒரு மணியோசைக்கு 7 கட்டம் வைத்தாள். மீச்சிறு பொது மடங்கு 1680. மூன்றரை நிமிடத்துக்கு ஒரே சேர்க்கை திரும்பி வராது! அழுத்தியதோ பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள்.

வீட்டில் பெட்டி தேவையில்லை. ஒரு பிள்ளை 'தகதிமி' என்றும் மற்றொன்று 'தகிட' என்றும் ஒரே வேகத்தில் சொல்லி, 'த'வுக்கு மட்டும் கை தட்டட்டும். 12 எழுத்துக்கு ஒருமுறை இருவர் தட்டும் சேர்ந்து விழும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் ரைக் 1965இல் இரண்டு டேப் ரிக்கார்டர்களில் ஒரே பேச்சுத்துண்டைச் சுழலவிட்டார். வேகத்தில் இருந்த சிறு வித்தியாசத்தால் அவை மெல்ல விலகிப் புதுத் தாளங்கள் பிறந்தன. 1967இல் அதையே இரண்டு பியானோக்காரர்கள் கையால் வாசிக்கும்படி எழுதினார்.

சரி, ஆளுக்கு என்ன வேலை? வேண்டாததை அடக்குவதும் சமயம் பார்த்துத் திறப்பதும்தான் பெரிய வேலை. ஓடும்போதே பொத்தான்களைப் போட்டு எடுத்துத் தாளத்தை மாற்றுவதும் உண்டு. டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் ரோலண்ட் 909 பெட்டியை மேடையில் இப்படித்தான் வாத்தியமாகவே வாசிக்கிறார். சில பெட்டிகளில் ஓர் அடி 'நூற்றுக்கு ஐம்பது தடவை விழட்டும்' என்று வாய்ப்பிலும் விடலாம். அப்போது என்ன வரும் என்று வாசிப்பவருக்கே தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நானும் முயன்றேன். டிரம்மை அடக்கினேன். நாலே சுற்றில் பொறுமை போய்த் திறந்தேன். தாளம் தப்பவில்லை, ஆனால் சப்பென்று இருந்தது. அவள் பதினைந்து சுற்று காத்திருந்து, ஹைஹாட் சேர்ந்து விழும் இடத்தில் திறந்தாள். அடுக்களையில் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அந்த 7ஐ 5 ஆக்கிப் பாரேன்" என்றேன்.

"5 வேணாம்பா. 15க்குள்ள அடங்கிடும், சீக்கிரம் சலிச்சுடும்."

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 240தான்.