தவறாக விழுந்த அரியரா? உடனே செய்ய வேண்டியவை

நன்றாக எழுதிய தாளில் ‘ஃபெயில்’ என்று வந்தால் யாருக்கும் மனம் உடைந்துபோகும். ஆனால் மறுகூட்டல், மறுமதிப்பீடு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே கெடு இருக்கும். ரிசல்ட் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

● பிழை எங்கே? இன்டர்னல் மதிப்பெண் ஏறவில்லையா, எழுதிய தேர்வுக்கு ‘ஆப்சென்ட்’ போட்டுவிட்டார்களா, திருத்தியதில் குறையா என்று முதலில் பாருங்கள்.

● இன்டர்னல் குறைந்தால் பாட ஆசிரியரையும் துறைத் தலைவரையும் அணுகுங்கள்.

● ஆப்சென்ட் என்றிருந்தால் கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். ஹால் டிக்கெட் நகலை இணைத்து, தேர்வறையில் நீங்கள் கையெழுத்திட்ட வருகைத் தாளைச் சரிபார்க்கக் கேளுங்கள்.

● திருத்தியதில் சந்தேகமா? விடைத்தாள் நகல் வாங்குங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், முதல் பக்கக் கட்டத்தில் ஏறாத மதிப்பெண், கூட்டல் பிழை ஆகியவற்றைத் தேடுங்கள். ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என முடிவெடுங்கள்.

● நகல் தர மறுத்தால் அரசுப் பல்கலைக்கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பல்கலைக்கழகம் 30 நாளில் பதில் தர வேண்டும்.

● கடிதம் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

● முடிவு தாமதமாகலாம். முன்னெச்சரிக்கையாக அரியர் தேர்வுக்கும் பணம் கட்டிவிடுங்கள்.

● திருத்தம் கிடைத்ததும் புதிய மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உழைத்துப் பெற்ற மதிப்பெண் உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.