ஏ.சி.க்குள் பூஞ்சை: ஈரம் போகாமல் வாடை போகாது

ஏ.சி.யைப் போட்ட முதல் ஐந்து நிமிடம் காயாத துணியின் வாடை அடிக்கும். பிறகு தானாகவே அடங்கிவிடும். அடங்கிவிடுவதாலேயே பல வீடுகளில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வாடை பொறுக்க முடியாமல் போகும்போது ஒரு வீட்டில் ரூம் ஸ்பிரே அடிக்கிறார்கள், இன்னொரு வீட்டில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸ் நிரப்புகிறார்கள். இரண்டாலும் பயன் இல்லை. இண்டோர் யூனிட்டுக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறியிருப்பதற்கு அந்த வாடைதான் அறிகுறி. பகலெல்லாம் மூடிக்கிடந்த பெட்டிக்குள் தேங்கிய காற்றை ஃபேன் சுழன்றதும் அறைக்குள் தள்ளுகிறது. சற்று நேரத்தில் அந்தக் காற்று அறையில் கலந்துவிடுகிறது, நம் மூக்கும் பழகிப்போகிறது. பூஞ்சை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை கூடுதல். காற்றில் ஈரம் மிகுதி என்பதே காரணம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஏ.சி.யின் கூலிங் காயிலில் ஓயாமல் நீர் கோத்து வடிகிறது. ஒன்றரை டன் ஏ.சி. புழுக்கமான இரவில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே நீரைப் பிழிந்து எடுக்கும். அந்த நீர் டிரெய்ன் டிரே வழியாக வெளியே போய்விட்டால் கவலையில்லை. ஆனால் காயில், டிரே, பிளோயர் மூன்றும் நனைந்தபடியே நிற்கும்போதுதான் நாம் ஏ.சி.யை அணைக்கிறோம். காற்றோடு வந்த தூசி, நம் தோலிலிருந்து உதிரும் செதில், அடுப்படித் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அங்கே ஒட்டியிருக்கின்றன. பூஞ்சைக்கு இவையே சாப்பாடு. ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினால் போதும், வித்து முளைத்துவிடும்.

தூசியை எந்த வீட்டிலும் முழுதாக ஒழிக்க முடியாது. பூஞ்சை வித்துகளையும் தடுக்க முடியாது. அவற்றில் பல 2 முதல் 10 மைக்ரான் அளவே இருப்பதால் ஏ.சி.யின் வலை ஃபில்டருக்குள் சுலபமாக நுழைந்துவிடும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். எவ்வளவு செலவழித்துக் கழுவினாலும், ஈரத்தைக் காயவைக்கும் பழக்கம் வராத வீட்டில் அதே வாடை திரும்ப வந்தே தீரும்.

முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குளிர்காற்று வரும் பட்டியைக் கையால் மெல்லத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். நீளமான உருளை ஒன்று தெரியும். அதுதான் பிளோயர். அதன் மெல்லிய இறக்கைகளில் கறுப்புப் புள்ளிகளோ, சாம்பல் நிறத்தில் கம்பளிபோன்ற படலமோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு லேப் டெஸ்ட் எதுவும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையைப் பரிசோதிக்கச் செலவழிக்கும் பணத்தை அதைக் கழுவுவதற்குச் செலவழிக்கலாம். டிரேயில் வழவழவென்று கூழ்போலத் திரண்டிருப்பது பெரும்பாலும் பாக்டீரியாப் படலம். நீர் சரியாக வடியவில்லை என்பதை அது காட்டுகிறது.

கறுப்பாக இருப்பதைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்ற பெயர் எல்லோரையும் அச்சுறுத்தியது. மியூக்கோர்மைக்கோசிஸ் என்ற அந்த நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்தவர்களையே அதிகம் தாக்கியது. ஏ.சி. பிளோயரில் கறுப்பாகப் படிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு வகைகள். நிறத்தை வைத்து எது ஆபத்து, எது இல்லை என்று சொல்லவே முடியாது. எந்த நிறமாக இருந்தாலும் அகற்ற வேண்டியதுதான்.

அதற்காக அலட்சியமும் கூடாது. ஆஸ்துமா, தும்மல், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் காற்று நோயைத் தூண்டிவிடும். வீட்டிலும் கட்டடங்களிலும் ஈரமும் பூஞ்சையும் சுவாச நோய்களைக் கூட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறையே சொல்கிறது. கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் அறையில், வாடை வரும் ஏ.சி.யை சர்வீஸ் முடியும்வரை போடவே கூடாது. இரவு ஏ.சி. அறையில் இருமல், வெளியூர் போனால் நிற்கிறது, வீடு திரும்பினால் மறுபடி இருமல் என்றால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய துப்பு.

சுத்தம் செய்வதில் உங்கள் பங்கு சிறியது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டுவது பூஞ்சைக்கு நாமே வழி செய்து கொடுப்பது. முன்பக்க மூடியையும் காற்றுப் பட்டியையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். அதற்கு மேல் உள்ளே கை வைக்காதீர்கள். மின்சர்க்யூட் போர்டு பக்கத்திலேயே இருக்கிறது.

வீடியோக்களைப் பார்த்து பிளீச்சிங் கரைசலை உள்ளே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காயிலின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட்டோடு பிளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. மிதமான சோப்புக் கரைசலோ, ஆசிட் கலக்காத காயில் கிளீனரோ போதும். பூஞ்சையைச் சாகடித்துவிட்டு அங்கேயே விடுவதில் பயனும் இல்லை, ஏனென்றால் செத்த வித்தும் அலர்ஜியைக் கொடுக்கும். அதைக் கழுவி வெளியேற்றுவதுதான் வேலை.

அந்த வேலைக்கு மெக்கானிக் வேண்டும். சாதாரண சர்வீஸ் என்ற பெயரில் ஃபில்டரைத் தட்டி, காயிலின் முன்பக்கத்தில் நாலு பீய்ச்சு தண்ணீர் அடித்துவிட்டுப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. பூஞ்சை உட்கார்ந்திருக்கும் பிளோயரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படுவதில்லை. எனவே போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "ஜெட் பம்ப் வெச்சு வாட்டர் சர்வீஸ் பண்ணுவீங்களா? பிளோயரைக் கழற்றுவீங்களா? டிரெய்ன் டிரேயைத் தனியா எடுத்துக் கழுவுவீங்களா?" சில மாடல்களில் பிளோயரை எடுக்கக் காயிலைத் தூக்க வேண்டியிருக்கும், அதற்குக் கூலி கூடும். நியாயமான கூலிதான், கொடுங்கள். கழற்றவே முடியாத மாடல் என்றால், பிளோயரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே பிரஷ்ஷாலும் மெல்லிய ஜெட்டாலும் ஒவ்வொரு இறக்கையையும் கழுவ வேண்டும். வடியும் தண்ணீர் முதலில் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். தெளிந்த நீர் வரும்வரை நிறுத்த விடாதீர்கள்.

தண்ணீர் அடிக்கும் முன் சர்க்யூட் போர்டைப் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறாரா, யூனிட்டின் அடியில் கவர் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். வேலை செய்பவருக்கு ஒரு என்95 மாஸ்க் கொடுங்கள். நாள் முழுக்க வீடு வீடாக இந்தத் தூளைச் சுவாசிப்பவர் அவர்தான். டிரேக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபோமில் பூஞ்சை ஏறியிருந்தால் அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றச் சொல்லுங்கள். முடிவில் டிரேயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அது வெளியே குழாயில் தடையில்லாமல் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டுக் காயவையுங்கள்.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண்செலவு. கேஸ் குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும், அது உருகும்போது கண்ட இடத்திலெல்லாம் ஈரம் இறங்கும். அந்த வகையில் மட்டுமே கேஸுக்கும் பூஞ்சைக்கும் தொடர்பு.

இனி ஈரத்துக்கு வருவோம். காலையில் ஏ.சி.யை அணைப்பதற்கு முன் இருபது, முப்பது நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டுங்கள். கம்ப்ரஸர் ஓடாததால் இதற்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. காயிலும் பிளோயரும் காய்ந்துவிடும். புதிய மாடல்கள் பலவற்றில் ஆட்டோ கிளீன் வசதி இருக்கிறது. ரிமோட்டில் ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடித் தானே உலர்த்திக்கொள்ளும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ரிமோட்டை அழுத்திய கையோடு ஸ்டெபிலைசர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். உலர்த்தும் வேலை பாதியில் நின்றுபோகிறது. காசு கொடுத்து வாங்கிய வசதி, ஒருநாளும் முழுதாக வேலை செய்வதில்லை. காற்றுப் பட்டி தானாக மூடும்வரை காத்திருந்து பிறகு சுவிட்சை அணையுங்கள்.

18 டிகிரியில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காற்றுப் பட்டியும் எதிர்ச்சுவரும் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அவற்றிலேயே நீர் கோக்கத் தொடங்கும். நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த விதி அது. பூஞ்சைக்கும் அதுவே நல்லது. 24, 25-இல் வைத்து மெல்ல மின்விசிறி போட்டுக்கொள்ளுங்கள். மழைநாளில் டிரை மோடு உதவும். அதேபோல, சின்ன அறைக்கு இரண்டு டன் மாட்டினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் அப்படியே தங்கும். பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே தவறு.

டிரெய்ன் பைப்பை வாளிக்குள் மூழ்கவிடாதீர்கள். அதன் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், வழியில் எங்கும் வளைந்து மேடேறக் கூடாது. காப்பர் பைப் போகும் சுவர்த் துளையைப் புட்டியால் அடையுங்கள். திறந்து கிடந்தால் மழைத்தண்ணீரும் எறும்பும் அந்த வழியாகத்தான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏ.சி.யைத் தொடாமல் மூடிவைத்து, அதே அறையில் ஈரத்துணியைக் கொடியில் உலர்த்துவது பலர் செய்வது. பூஞ்சை முழு வேகத்தில் வளரும் காலம் அது. வாரம் ஒருமுறையாவது ஃபேன் மோடில் அரை மணி ஓடவிடுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறையில் அது 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். வாட்டர் சர்வீஸை போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். மழை ஓய்ந்திருக்கும், மெக்கானிக்கும் நிதானமாக வேலை செய்வார். ஏப்ரலில் அவரைப் பிடிப்பதே பாடு, வந்தாலும் பிளோயரைக் கழற்ற அவருக்கு நேரம் இருக்காது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு மாதத்துக்குள் வாடை திரும்பினால், ஏ.சி.யை மாற்ற அவசரப்படாதீர்கள். பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். மாடியின் நீர்க்கசிவோ, சுவருக்குள் பதித்த டிரெய்ன் பைப்பின் உடைப்போ அங்கே ஈரத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் அந்தச் சுவரில் எந்தப் புது ஏ.சி.யை மாட்டினாலும் அதிலும் பூஞ்சை வரும்.