முதிர்ந்த வயதில் பட்டணம் போகிறவர்கள் எந்தப் பேட்டையில் குடியேறுவது?



நம் தென்பக்கத்துப் பங்குகளில் ஆண்டுதோறும் சில வீடுகள் பூட்டப்படுகின்றன. பிள்ளைகள் சென்னையில் உத்தியோகத்தில் அமர்ந்து பல காலம் ஆகிவிட்டது. "அப்பா, அம்மா, இனி நீங்கள் அங்கே தனியாகக் கிடக்க வேண்டாம், வந்துவிடுங்கள்" என்கிறார்கள். பெற்றோரும் இரண்டு மூன்று வருஷம் தட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, மூட்டுவலியோ கண்புரையோ வந்தபின் இசைகிறார்கள். போவதா வேண்டாமா என்பது அவரவர் குடும்பக் காரியம். அதில் நாம் நுழையப் போவதில்லை. போவதென்று தீர்மானித்துவிட்டவர்கள் அந்தப் பெரும் பட்டணத்தில் எந்தப் பேட்டையில் குடியேறுவது என்பதையே இவ்வாரம் படிப்போம்.

இது வெறும் உலக காரியம், இதற்கும் ஞான காரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வேண்டாம். எழுபது வயதில் நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே பூசை காண்பதும், நன்மை வாங்குவதும், நாலு பேர் முகம் பார்த்துப் பேசுவதும், மரண நேரத்தில் குருவானவர் வந்து சேர்வதும் அமைகின்றன.

வேதாகமத்தில் இரண்டு கிழவர்களைக் கவனியுங்கள். ஒருவர் கிலயாது நாட்டுப் பர்சில்லாய். தாவீது அரசர் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது அவருக்கு உணவளித்துத் தாங்கியவர். அரசர் திரும்பி வரும்போது, என்னோடு எருசலேமுக்கு வந்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அழைக்கிறார். பர்சில்லாய்க்கு அப்போது வயது 80. நாக்கில் ருசி இல்லை, காதில் பாட்டு விழவில்லை, நான் உமக்குப் பாரமாவானேன், என் தாய் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே சாகிறேன் என்று மரியாதையாக மறுத்துவிட்டு, தமக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனை அனுப்புகிறார் (2 சாமுவேல், 19-ம் அதிகாரம்). மற்றவர் பிதாப்பிதாவாகிய யாக்கோபு. அவர் 130 வயதில் மகன் யோசேப்பை நம்பி எகிப்துக்குப் போனார்; அங்கே 17 வருஷம் வாழ்ந்தார். போகாதவரையும் வேதாகமம் குறை சொல்லவில்லை, போனவரையும் குறை சொல்லவில்லை.

யாக்கோபு எங்கே குடியேறினார்? யோசேப்பு எகிப்து முழுவதற்கும் அதிகாரி. பாரவோனின் அரண்மனை ஓரத்திலேயே தகப்பனாருக்கு மாளிகை கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. கோசேன் என்ற பகுதியை அவரே முன்கூட்டித் தேர்ந்து வைத்திருந்தார். அது தமக்குச் சமீபமாயும் இருக்க வேண்டும், தகப்பனாரின் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும் இருக்க வேண்டும், தம் ஜனங்கள் தம் வழக்கப்படி கூடி வாழவும் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பாரவோன் தொழிலைக் கேட்டால் இன்னபடி பதில் சொல்லுங்கள், அப்போதுதான் கோசேனில் குடியிருக்க விடுவார்கள் என்று சகோதரருக்குச் சொல்லிக் கொடுத்ததையும் ஆதியாகமம் 46-ம் அதிகாரத்தில் காணலாம். பெற்றோரை அழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாய் வாசிப்பது நல்லது. தங்கள் வேலைக்கு எது சௌகரியம் என்று மட்டும் பாராமல், வருகிற கிழவரும் கிழவியும் பகல் முழுவதும் என்ன செய்வார்கள், யாரோடு பேசுவார்கள் என்று யோசித்த பிள்ளை யோசேப்பு.

இனி நம் காலத்துக்கு வருவோம். வீடு பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாய் எதைப் பார்க்கிறார்கள்? வாடகை எவ்வளவு, படுக்கையறை எத்தனை, தண்ணீர் வருகிறதா, மகன் வீடு எவ்வளவு தூரம். கோயிலைப் பற்றிக் கேட்டால், "பக்கத்தில்தான், ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்" என்பார்கள். ஸ்கூட்டர் யார் ஓட்டுகிறார்? வீட்டுத் தலைவர். அவருக்கு வயது 68. இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவார்? அவரைச் சர்வேசுரன் முதலில் அழைத்துக்கொண்டால் அந்த அம்மாள் எப்படிப் பூசைக்குப் போவார்?

கணவனும் மனைவியும் ஒரே நாளில் சாவதில்லை. ஒருவர் போக மற்றவர் சில வருஷமாவது தனித்திருப்பார். பெரும்பாலும் மனைவியே அப்படி எஞ்சி நிற்கிறார். ஆகையால் பேட்டையை இன்று இருவருக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாளை தனித்து நிற்கப் போகிறவருக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தானாகவே வரும். வீடு பார்க்கப் போகும்போது மனைவியை ஊரில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் போய் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அந்த வழக்கம் நல்லதல்ல. அவரையும் கூட்டிப் போங்கள்; அவர் கால் நடக்கும் தூரமே உங்கள் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பரீட்சிப்பது? பேசி முடிக்குமுன் ஒருநாள் அதிகாலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து கோயில் வரைக்கும் இருவரும் நடந்து பாருங்கள். சாயங்காலம் இருட்டியபின் இன்னொரு முறை நடந்து பாருங்கள். நடைபாதை உண்டா, அதன்மேல் கடைகளும் வண்டிகளும் நிற்கின்றனவா, தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் கூட்டமாய்த் திரிகின்றனவா? எல்லாவற்றிலும் முக்கியமாக, நடுவில் பெரிய சாலை குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கோ பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கோ அந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டரில் இருக்கும் கோயில், முழங்கால் வலியுள்ளவருக்கு இந்தப் பக்கம் சந்துகளுக்குள் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் கோயிலைவிடத் தூரம். படத்தைப் பார்த்தால் இது தெரியாது. அதே நடையில் மருந்துக்கடை, காய்கறிக்கடை, இரத்தப் பரிசோதனை நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

வெள்ளத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், மேற்குத் தாம்பரம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கங்களில் நாட்கணக்கில் தண்ணீர் வடியாமல் நின்றது. பள்ளிக்கரணை இயல்பாகவே சதுப்பு நிலம். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருவதில் ஆச்சரியம் என்ன? சென்னையில் எத்தனையோ பேட்டைகள் ஏரியைத் தூர்த்து எழும்பியவை. தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின்மேல் உண்டானதுதான். ஊர்ப் பெயரில் 'ஏரி' என்றோ 'தாங்கல்' என்றோ வந்தால் ஒரு கேள்வி அதிகமாய்க் கேளுங்கள். தாங்கல் என்றால் நீர் தேங்கும் சிறு ஏரி என்று நம் கிராமத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. படி ஏற முடியாது என்று தரைத்தளம் கேட்போம். வெள்ளம் முதலில் நுழைவது அங்கேதான். மாடியில் இருப்போம் என்றால், புயலன்று மின்சாரம் நின்றவுடன் லிப்டும் நின்றுவிடும். ஆகவே மேட்டுப்பாங்கான தெருவில் தரைத்தளமோ முதல் மாடியோ கிடைக்கும் பேட்டையே உத்தமம். வீட்டுத் தரகரிடம் இதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், "2015-லும் 2023-லும் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் பிள்ளையே வாடகை வீட்டில் இருந்தால், அவன் அங்கேயே இருப்பான் என்பது என்ன நிச்சயம்? கம்பெனி மாறினால் சோழிங்கநல்லூரிலிருந்து அம்பத்தூருக்குப் போவான். அங்கிருந்து பெங்களூருக்கும் போவான், கடல் கடந்தும் போவான். பிள்ளை போய்விட்டாலும் நாம் இங்கே காலம் தள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்து, முடியும் என்று தோன்றுகிற இடமே சரியான இடம். பழைய மாமல்லபுரம் சாலையோரத்து அடுக்குமாடிகள் பார்க்க அழகுதான். ஆனால் வாசலில் காவலாளி, உள்ளே பூங்கா, வெளியே வந்தால் லாரிகள் பறக்கும் சாலை என்ற அமைப்பு பல இடங்களில் உண்டு. காலையில் பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை பெரியவர்கள் பேச ஆளின்றி ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். பெரம்பூர், இராயபுரம், சாந்தோம், பரங்கிமலை போன்ற பழைய இடங்களில் வீடுகள் சிறியவை, தெருக்கள் நெருக்கடி. ஆனாலும் தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன, கோயில் மணிச் சத்தம் காதில் விழும், திண்ணையில் அமர்ந்தால் யாராவது நின்று பேசுவார்கள். வசதியையும் மனிதரையும் தராசில் வைத்தால், அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மனிதர் இருக்கும் தட்டே கனமானது என்பது இதை எழுதுகிறவனின் அபிப்பிராயம்.

திருத்தலத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் பெரம்பூர் லூர்து மாதா கோயிலிலும் பூசைக்குக் குறைவில்லை, உண்மையே. ஆனால் பட்டணமெங்குமிருந்து ஜனங்கள் வந்துபோகும் இடத்தில், தேடிப் போய்ப் பதிந்துகொள்ளாதவர் எத்தனை வருஷம் பூசை கண்டாலும் கூட்டத்தில் ஒருவராகவே இருப்பார். நாம் ஒரு ஞாயிறு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் வேண்டாமா? திருத்தலமானாலும் சிறு கோயிலானாலும் அந்தப் பங்கில் அன்பியக் கூட்டம் நடக்கிறதா, மரியாயின் சேனையார் வீடு சந்திக்கிறார்களா, வின்சென்ட் தே பவுல் சபை உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். வசதியான நேரத்தில் ஆங்கிலப் பூசையும் விடியற்காலையில் தமிழ்ப் பூசையுமாக இருந்தால் நம் அம்மாமார் என்ன செய்வார்கள்?

இதில் திருச்சபைச் சட்டம் சொல்வதையும் அறிந்திருப்பது நலம். 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் நிரந்தரமாய்த் தங்கும் எண்ணத்தோடு குடியேறியவர் அன்று முதலே அப்பங்கைச் சேர்ந்தவர். எண்ணம் இல்லாவிட்டாலும் ஐந்து வருஷம் வாழ்ந்துவிட்டால் அவ்வாறே ஆகும். மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும் அவ்விடத்துப் பங்குக் குருவே சொந்தப் பங்குக் குருவாகிறார் (102, 107-ம் சட்டங்கள்). ஆகவே "வாடகை வீடுதானே, எங்களுக்கு ஊரில் பங்கு இருக்கிறதே" என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். நோயாளிகளையும் தனித்திருப்பவர்களையும் ஊர்விட்டு வந்தவர்களையும் தேடிக் கவனிப்பது பங்குக் குருவின் கடமை என்று 529-ம் சட்டம் கூறுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நீங்கள் வந்திருப்பதே அவருக்குத் தெரியாவிட்டால் எப்படித் தேடுவார்? முதல் வாரத்திலேயே போய்ப் பெயர் கொடுங்கள். தாம்பரம், பரங்கிமலைப் பக்கம் குடியேறுகிறவர்கள் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தில் அல்ல, 2002-ல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் இருப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னாளில் அவஸ்தைப்பூசுதல் என்றோமே, அந்தத் தேவதிரவிய அனுமானத்தை நோயில்பூசுதல் என்று சொல்வதே பொருத்தமென்று 1963-ல் சங்கம் கூறிவிட்டது. உயிர் போகும் நிமிஷம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் குருவானவரின் பெயரைக் காவலாளியிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு நன்மை எடுத்துக்கொண்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கக் கூடாதல்லவா?

வைத்தியத்துக்குச் சென்னையில் குறைவில்லை. முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்டது. ஆயினும் வாரந்தோறும் போகப் போவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல, தெருக்கோடி டாக்டரிடம்; அவர் எப்படிப்பட்டவர் என்று அங்கிருப்போரிடம் கேட்டறியுங்கள். 60 வயது கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 முறை இலவசமாய்ப் போக டோக்கன் கொடுக்கும் ஏற்பாடு 2016-ல் தொடங்கியது. இதற்கு சென்னை விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். ஆகையால் விலாச மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஆறு மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். அதில் ஒரு மழைக்காலமும் அடங்கட்டும். பிடித்திருந்தால் அதன்பின் விற்பதைப்பற்றிப் பேசலாம். விற்ற பணம் முழுவதையும் பிள்ளையின் வீட்டுக் கடனில் போட்டுவிட்டு, அந்த வீட்டிலேயே விருந்தாளியாகி நிற்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத காரியம். யாக்கோபு எகிப்தில் சுகமாய் வாழ்ந்தும், சாகுமுன் யோசேப்பைக் கூப்பிட்டு, என்னை இங்கே புதைக்காதே, என் பிதாக்களின் கல்லறையில் வை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சென்னையில் கல்லறைக்கு இடம் நெருக்கடி. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் பழைய குடும்பக் குழிகளையே மறுபடி திறந்து அடக்கம் செய்கிறார்கள். எந்தக் கல்லறையில் அடக்கம் வேண்டுமென்று தேர்ந்துகொள்ளும் உரிமையைத் திருச்சபை நமக்கு விட்டிருக்கிறது. ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே போதுமா என்பதை இருவரும் பேசி, பிள்ளைகளிடம் தெளிவாய்ச் சொல்லி, எழுதியும் வையுங்கள். 600 கிலோமீட்டர் தூரத்தில், துக்க வீட்டில், நள்ளிரவில் அண்ணனும் தம்பியும் இதைப்பற்றி வாதாடும்படி விடாதீர்கள்.

புறப்படுகிறவர்கள் ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, புதுப் பங்குக் குருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் ஆகியவற்றை நம் பங்கு அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பழைய புத்தகங்களைப் புரட்ட நேரமாகும். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.