இருதயத் தசையின் புரதங்கள்

ஆவடியை அடுத்த அண்ணனூரில் சென்னைப் புறநகர் மின்சார ரயில் வண்டிகளுக்குரிய பணிமனை உளது. ஓடித் தேய்ந்த வண்டிகள் அங்கு நின்று, பழுது நீங்கிப் புறப்படும். நம் இருதயத்திற்கோ அவ்வாறு நிற்க இடமில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கும் அவ்வுறுப்பு, துடித்துக்கொண்டே தன்னைப் புதுக்கிக்கொள்ள வேண்டும். அது எங்ஙனம் நிகழ்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இருதயத் தசையில் இருவகை இழைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தடித்தது மயோசின் என்னும் புரதத்தாலும், மெல்லியது ஆக்டின் என்னும் புரதத்தாலும் ஆனவை. கால்சியம் வந்து மெல்லிய இழையிலுள்ள டிரோப்போனினைச் சேர்ந்தவுடன் தடை நீங்குகிறது, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. தேய்ந்த புரதங்கள் சிதைக்கப்பட்டு, சில நாட்களிலோ வாரங்களிலோ புதியன அவற்றினிடத்தில் அமைகின்றன. இவ்வாறு புதுக்கும் வழியே மாறுதலுக்கும் வழியாகின்றது.

பளு மிகும்போது இத்தசை இருவிதமாய் இணங்குகிறது. முதலாவது, கணப்பொழுதில் நிகழ்வது. நாம் ஓடும்போதும் அஞ்சும்போதும் அட்ரினலின் சுரக்க, டிரோப்போனின் முதலியவற்றின்மேல் பாஸ்பேட் ஏறுகிறது. துடிப்பு வலுக்கிறது, தளர்வும் விரைவாகிறது. இரண்டாவது, நாட்கள் பல கொள்வது. இரத்த அழுத்தம் நெடுங்காலம் மிகுந்திருப்பின், இருதயத் தசையின் உயிரணுக்கள் பருமனிற் பெருக்கின்றன. எலியின் இருதயத்தில் விரைந்தியங்கும் ஆல்பா மயோசின் குறைந்து, மெல்ல இயங்கினும் சிக்கனமுள்ள பீட்டா மயோசின் மிகுகிறது. மனிதரின் கீழறைகளிலோ இயல்பாகவே பீட்டாவே மிகுதி. எஞ்சிய சிறிதளவு ஆல்பாவும் நலிந்த இருதயத்தில் குறைந்துபோகின்றது.

இப்புரதங்கள் எல்லார்க்கும் ஒரே வடிவின அல்ல. மயோசினோடு பிணையும் 'சி' என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் 25 எழுத்துக்கள் குறைந்திருத்தல் தென்னாசிய மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டு. இதனை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும், ஐதராபாத் நகரத்து ஆராய்ச்சியாளரும், பிறரும் கூடி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இக்குறையுடையார் பலர் நலமாகவே வாழ்கின்றனர். சிலர்க்கு வயது ஏறியபின் இருதயம் தளர்கிறது.

ஆதலின் இணங்குதல் எல்லையுள்ள உதவியே என்பது பெறப்படும். தடித்த சுவர் முதலிற் காக்கும். நாளடைவில் விறைத்து, இரத்தத்தை ஏற்க இடங்கொடாது. பளுவை உரிய காலத்தில் இறக்கினால் அப்பருமன் பெரும்பாலும் குறையக்கூடும். நோவு தோன்றாவிடினும் இரத்த அழுத்தத்தை அளந்தறிதலும், குடும்பத்தில் இளவயதில் இருதய நோயுற்றோர் உளராயின் அதனை மருத்துவர்க்கு உரைத்தலும் நம் கடமையாம்.