மலரைத் தெளிவுறப் படம்பிடித்தல்

2023-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், கல்லூரி வேலியிற் பூத்திருந்த செங்காந்தளைத் தாவரவியற் பாடத்திற்கெனப் படம்பிடித்தோம். படம் அழகாகவே அமைந்தது. ஆயினும் பேராசிரியர் அதனை நோக்கி, "சூல்தண்டு எங்கே?" என வினவினார். இதழ்களின் நெளிந்த விளிம்பு தெளிவாயிருந்தது; மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் மங்கிக் கிடந்தன. மறுபடி எடுக்கலாமெனச் சென்றபோது மலர்கள் வாடிவிட்டன.

இப்பிழைக்குக் காரணம் யாது? லென்ஸ் ஒரு தூரத்தையே முற்றுந் தெளிவாகக் காட்டவல்லது. அதற்கு முன்னும் பின்னும் சிறிதளவு ஆழமே நம் கண்ணுக்குத் தெளிவெனத் தோன்றும். பொருளை அணுகுந்தோறும் இவ்வாழம் விரைந்து சுருங்கும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சட்டத்தில், லென்ஸின் துளையெண் 8 ஆக இருக்க, உருவம் பொருளின் நான்கிலொரு பங்காயின் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். பொருளளவே ஆயின் ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே!

துளையைச் சுருக்கின் ஆழம் பெருகாதோ எனின், பெருகும். ஆயினும் அளவு கடந்து சுருக்கினால், ஒளி துளையின் விளிம்பில் விலகிப் பரந்து படம் முழுவதையும் மங்கச் செய்யும். ஒளிபடும் நேரமும் நீளுதலின், சிறு காற்றும் மலரை அசைத்துக் கெடுக்கும்.

ஆகவே, எதனைத் தெளிவாகக் காட்டல் வேண்டுமென முதலில் துணிதல் வேண்டும். பின்னர், அப்பகுதிகள் ஒரே தளத்தில் அமையும் பக்கத்தைத் தேடி, காமிராவின் முகத்தை அத்தளத்திற்கு இணையாக நிறுத்தல் வேண்டும். செங்காந்தள் மலர் தலைகவிழ்ந்து தொங்குவது. அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்குவன. கீழிருந்து நோக்கினால், ஆறு மகரந்தத் தாள்களும், பக்கமாக மடங்கிய சூல்தண்டும் ஏறக்குறைய ஒரே தளத்தில் பரந்திருத்தலைக் காணலாம்.

காற்றெழாத காலைப்பொழுதே இதற்குத் தக்கது. காமிராவை முக்காலியில் நிறுத்துக. அது தானாகத் தூரங்காண்பதை நிறுத்திவிட்டு, திரையிற் சூல்முடியைப் பெரிதாக்கி நோக்கிக் கையாற் சரிசெய்க. மிக அணுகியவிடத்து, லென்ஸின் வளையத்தைத் திருப்புவதினும் காமிராவையே சிறிது முன்பின் நகர்த்தல் எளிது. விரல் பட்டு அசையாவண்ணம், சில விநாடி கழித்துத் தானே படம்பிடிக்கும் வசதியைப் பயன்படுத்துக.

2024-ஆம் ஆண்டு அதே வேலியில் இம்முறையைக் கையாண்டோம். உருவை நான்கிலொரு பங்களவிலேயே கொண்டோம். இதழ் நுனிகள் மங்கின; தாள்களும் சூல்தண்டும் நன்கு விளங்கின. பேராசிரியர் இம்முறை ஒன்றும் வினவாது, படத்தைப் பாடத்திற்கென எடுத்து வைத்துக்கொண்டார்.