ஹாலேயில் நான் தொலைத்த 38 நாள்

ஜெர்மனியில் ஹாலே நகரம். பிராங்கே நிறுவனங்களின் வாசிப்பறை. முதல் கடிதக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். நாடாவை அவிழ்த்து மேல் தாளைப் பார்த்தேன். ஒரு சொல்கூட ஓடவில்லை. மொழி தெரியாததால் அல்ல, எழுத்தே தெரியவில்லை. பையில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஒன்றரை வருடம் மாலை வகுப்புக்குப் போய் வாங்கிய பி1 சான்றிதழ் இருந்தது. தங்குவதற்குத் தந்திருந்தது 90 நாள். அதில் 38 நாள் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இறையியலில் மேல்படிப்பு, வெளிநாட்டு உதவித்தொகை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நீங்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மற்றதை யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

நான் தேடிப் போனது கிளாரிந்தாவை. என் ஆச்சி வீடு பாளையங்கோட்டையில். கோடை விடுமுறைக்குப் போனால் பாப்பாத்தியம்மாள் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். அது 1785இல் கிளாரிந்தா என்ற பிராமண விதவை முன்நின்று கட்டிய ஆலயம். ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு அவர் வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகுதான், 1778இல், கொடுத்தார். மறுத்ததைப் பற்றியும் பிறகு கொடுத்ததைப் பற்றியும் மிஷனரிகள் ஒருவருக்கொருவர் எப்படி எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. தரங்கம்பாடியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன கடிதங்கள் ஹாலேயில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத் தொகுத்து ‘ஹாலே அறிக்கைகள்’ என்று 1710 முதல் அங்கேயே அச்சிட்டு விற்றார்கள். காணிக்கை தரும் ஐரோப்பியர்கள் படிப்பதற்காக அச்சிட்டது அது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பதிப்பாசிரியர்கள் முடிவு செய்தார்கள். மிஷனரி சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூல் 1867இல்தான் அச்சேறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அச்சுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, கைப்பிரதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றேன். அந்த முடிவு சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.டி. முடித்து எம்.டிஎச். வரை வந்தவர்களுக்கு வழி ஓரளவு தெரிந்திருக்கும். படித்த கல்லூரி செராம்பூர் செனட்டோடு இணைந்ததா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் செராம்பூர் கல்லூரிக்குக் கொடுத்தார். தரங்கம்பாடியும் அதே அரசருடைய ஊராகத்தான் அப்போது இருந்தது. ஆய்வுத் திட்டத்தை ஐந்து பக்கத்துக்குள் அடக்குங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு கருத்தரங்கிலாவது கட்டுரை வாசித்துவிடுங்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து சுருக்கம் அனுப்பக் கெடு பெரும்பாலும் இரண்டு மாதம்தான் இருக்கும், அதற்கு அப்புறம் கெஞ்சிப் பயனில்லை. பணம் கட்டினால் மறுநாளே ஏற்றுக்கொள்ளும் ‘சர்வதேச’ மாநாடுகள் பக்கமே போகாதீர்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக்காப்பகத்திலும், சென்னை கீழ்ப்பாக்கம் குருகுலத்திலும் ஒரு வாரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் வெளிநாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். விசா, காப்பீடு, விமானச்சீட்டு எல்லாம் தானாக நடக்கும்.

தானாக நடக்காதது சபையின் பரிந்துரைக் கடிதம். இறையியல் உதவித்தொகைகளில் பலவும் சபை கையெழுத்துப் போட்ட தாள் கேட்கும். எந்தச் சபை என்று இங்கே எழுத விரும்பவில்லை. நான்கு மாதம் நடையாய் நடந்தேன். ஒருநாள் சபை அலுவலகத்தில் இருந்தவர், “எம்மா, நீ படிச்சிட்டு வந்தா எந்த இடத்துல உன்ன வைக்கிறது? ஆம்பளப் பிள்ளையளுக்கே இடம் இல்ல” என்றார். பக்கத்தில் நின்ற அப்பா தலைகுனிந்து வெளியே போய்விட்டார். பேராயரிடம் நேரில் மனு கொடுத்த பிறகுதான் கடிதம் கிடைத்தது. அதுவும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது. பெண் பிள்ளைகள் விண்ணப்பப் படிவம் கைக்கு வரும் முன்னாலேயே இந்தக் கடிதத்தைக் கேட்க ஆரம்பித்துவிடுங்கள். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இனி அந்த 38 நாள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியர் கையால் எழுதியது குர்ரெண்ட் என்ற எழுத்து. அச்சுப் புத்தகத்தின் கோதிக் எழுத்து வேறு, இது வேறு. கோதிக்கை நான் சென்னையிலேயே பழகியிருந்தேன், வேகமாகவே படிப்பேன். ‘இந்த அச்சைப் படிக்கிறவளுக்குக் கைப்பிரதி பெரிய காரியமா’ என்று எனக்கு வழிகாட்டியவர் சொன்னார். அவர் தம் வாழ்நாளில் ஒரு கைப்பிரதியையும் தொட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம்பினேன். பெரிய தப்பு.

அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு சொல்லில் காட்டுகிறேன். ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஐனெ’ என்ற சாதாரணச் சொல். அதில் இ, ஐ, என், இ என்று நான்கு எழுத்து. குர்ரெண்டில் ‘இ’ என்பது இரண்டு சாய்ந்த கோடு, ‘என்’ என்பதும் ஏறக்குறைய அதே இரண்டு கோடு. ஆக ஏழு கோடுகள் வேலியடைத்த மாதிரி வரிசையாக நிற்கும். மூன்றாவது கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. அவ்வளவுதான் சொல். ‘என்’ எழுத்தின் தலைக்கு மேல் சின்ன வளைவு போட்டால் ‘யு’, எழுதியவர் அவசரத்தில் வளைவை விட்டிருந்தால் அதுவும் ‘என்’ மாதிரியே தெரியும். சொல்லின் கடைசி எழுத்துகளை ஒரு இழுப்பில் முடித்துவிடுவார்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா, அதே சங்கடம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் அல்லாத சொற்களையும் பெயர்களையும் மட்டும் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில், நாம் படிக்கிற எழுத்தில், எழுதினார்கள். அதனால் புரியாத ஒரு பக்கத்தின் நடுவே கிளாரிந்தா என்ற பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சியோடு நடந்த அந்தக் கோவில் வாசல் ஞாபகம் வந்தது. பெயர் கிடைத்துவிட்டது, மீதியையும் எப்படியாவது படித்துவிடலாம் என்ற தைரியத்தில் அச்சுப் பதிப்பை இடப்பக்கம் விரித்து வைத்துக்கொண்டேன். கைப்பிரதி வலப்பக்கம். அச்சில் இருக்கும் சொல்லை முதலில் பார்ப்பேன், பிறகு கைப்பிரதியில் அதைத் தேடுவேன், இருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம் ஓடியது. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் வேலை நன்றாக நடக்கிறது என்று சொன்னேன்.

அடுத்த மேசையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் குடும்பக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாம் நாள் மதியம் அவரிடம் ஒரு சொல்லைக் கேட்டேன். அவர் தாளைத் திருப்பி வைத்து, விரல் படாமல் பென்சில் நுனியை மேலே நகர்த்திக்கொண்டே மெல்ல வாசித்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் அவர் வாசித்தது என் நோட்டில் இல்லை. ஒன்றரை வரி. அச்சிலும் இல்லை. நான் அந்த வரிகளைத் தாண்டி, அச்சில் அடுத்து வரும் சொல்லைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன். கண் அந்தக் கோடுகளின் மேல்தான் போயிருக்கிறது, பார்க்கவில்லை. அன்று மாலை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்தேன். நோட்டில் இருந்தது முழுக்க அச்சுப் பதிப்பு. கீழ்ப்பாக்கத்தில் உட்கார்ந்தே அதை நகலெடுத்திருக்கலாம். பதிப்பாசிரியர் எதை வெட்டினார் என்று பார்க்க ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனவள், அவர் வெட்டியதை நானும் ஒருமுறை வெட்டியிருக்கிறேன்.

அந்த ஒன்றரை வரியில் என்ன இருந்தது என்பதை ஆய்வேடு ஏற்கப்படும்வரை நான் வெளியே சொல்ல முடியாது.

மீதி 52 நாளில் அச்சுப் பதிப்பைத் தொடவில்லை. எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தினமும் காலையில் ஒரு மணி நேரம் கையால் எழுதிப் பழகினேன். எழுதினால்தான் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியும், கைக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இதைச் சென்னையில் உட்கார்ந்தே செய்திருக்கலாம். ஹாலேயின் ஆவணங்களில் கணிசமானவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே ஒருவருடைய கையெழுத்தைத் தேர்ந்தெடுங்கள், பலரை அல்ல, ஒருவரை மட்டும். அவருடைய பத்துப் பக்கத்தை அச்சுத் துணை இல்லாமல் படித்து முடியுங்கள். முடியாவிட்டால் விண்ணப்பிக்காதீர்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். கைப்பிரதியைக் கணினியே படித்துக் கொடுக்கும் டிரான்ஸ்கிரிபஸ் இருக்கிறதே என்பார்கள். நானும் பயன்படுத்துகிறேன். நம் ஊர்ப் பெயர் வந்தால் அது தடுமாறிவிடும்.

ஊர்ப் பெயர்களில்தான் நம் பலம் இருக்கிறது. ஆவணப் பட்டியலில் தமிழ் என்று தேடினால் அதிகம் கிடைக்காது. அந்த மிஷனரிகளுக்கு நம் மொழி ‘மலபாரிஷ்’. ‘தன்ஷௌர்’ தஞ்சாவூர், ‘பலம்கோட்டா’ பாளையங்கோட்டை. சத்தியநாதன் என்ற பெயரை ‘சத்தியநாதென்’ என்று எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படியுங்கள், காது கண்டுபிடித்துவிடும். அந்த ஆசிரியை திணறிய இரண்டு சொற்களை நான் ஒரே மூச்சில் சொன்னேன். ஒன்று ஊர், இன்னொன்று ஆள்.

இரண்டு வருடப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்காமல் மூன்று மாதத்துக்குப் போனேன் என்று என் வகுப்புத் தோழர்கள் சிலர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஜெனீவா பக்கத்தில் உலகத் திருச்சபை மன்றத்தின் பொசே நிறுவனத்துக்கோ, அமெரிக்காவுக்கோ போயிருக்கலாமாம். அங்கெல்லாம் நல்ல படிப்பு இருக்கிறது, போகிறவர்கள் போகட்டும். ஆனால் கிளாரிந்தாவைப் பற்றிய தாள் ஜெனீவாவில் இல்லை. எந்தத் தாள் உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்த பிறகு ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற தலைப்பை ஒட்டவைத்த நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் ஆய்வேட்டை முடிக்கவில்லை.

கிளம்பும் முன் அனுமதி வாங்கிப் படமெடுத்தது 61 பக்கம். அதில் 20 பக்கத்தை அச்சு பார்க்காமல் படித்து முடித்துவிட்டேன். மீதி 41. இரவு சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து பக்கத்தில் பென்சிலும் நோட்டும் வைத்துக்கொள்கிறேன். சில நாள் ஒரு பக்கம் முடியும், சில நாள் நான்கு வரி.